மாதங்கி ஓட்டினால் மட்டும்

ஒரே ஸ்கூட்டர், ஒரே பேட்டரி. ஆனால் கரோல் பாக் வீட்டிலிருந்து ப்ரசன்னா அதை நொய்டா ஆபீசுக்கு ஓட்டிப் போனால், மாலையில் வீடு வருவதற்குள் திரையில் சிவப்பு மின்னும். மீதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். அவன் மனைவி மாதங்கி எடுத்துப் போனாலோ சார்ஜ் குறைந்த மாதிரியே தெரியாது. அவள் ஆபீசும் நொய்டாதான், அவன் ஆபீசுக்கு அடுத்த கட்டடம்.

இருவருக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆபீஸ். அவன் போகும் நாளில் அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை, அவள் போகும் நாளில் அவனுக்கு. அந்தத் தைரியத்தில்தான் பழைய டீசல் காரை விற்று எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார்கள். "டெல்லி புகையில இனிமே நம்ம பங்கு கிடையாது" என்று ப்ரசன்னா மாடி மாடியாக லட்டு கொடுத்திருந்தான். இப்போது அந்த மாடிகளெல்லாம் அவன் வண்டி தள்ளி வருவதை பால்கனியிலிருந்து பார்த்தன.

"எப்படி மாதங்கி உனக்கு மட்டும்?"

"அதுல ஒண்ணுமில்ல. நான் இங்கேர்ந்து நேரா..."

"இரு, சொல்லாத! நானே கண்டுபிடிக்கிறேன்."

"அச்சா, கண்டுபிடி" என்று அவள் லேப்டாப்புக்குத் திரும்பினாள்.

முதல் சந்தேகம் எடை. பாரம் கூடினால் மோட்டார் கூடுதலாக உழைக்கும், அது சரிதான். ப்ரசன்னா சாப்பாட்டு டப்பாவை விட்டுவிட்டுப் போனான். கனமான ஜாக்கெட்டையும் கழற்றினான். ஜனவரி மாதம். பட்டினியும் ஜலதோஷமுமாக, வழக்கமான இடத்திலிருந்தே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"மூக்கு சிவந்திருக்கு. இப்பவாவது சொல்லட்டுமா?"

"வேண்டாம். நெருங்கிட்டேன்!"

அடுத்தது குளிர். பேட்டரி என்பது உள்ளே ரசாயனம் நகர்ந்து மின்சாரம் தரும் பெட்டி. குளிரில் அந்த நகர்வு மந்தமாகும். அதுவும் சரிதான். ஆகவே வெள்ளிக்கிழமை திரும்பியதும் பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கி வந்து, வீட்டிலிருந்த ஒரே கனமான பஞ்சுப் போர்வையான ரஜாயைச் சுற்றினான்.

"ப்ரசன்னா, அது நாம போத்திக்கிற ரஜாய்."

"ரெண்டே நாள். யாரும் தொடக்கூடாது!"

ரஜாய்க்கென்று சொந்தச் சூடு கிடையாது. உள்ளே இருப்பதை வெளியே விடாமல் காக்கும், அவ்வளவுதான். மனிதனைச் சுற்றினால் அவன் உடம்புச் சூட்டைக் காக்கும். தெருவிலிருந்து வந்த ஜில்லென்ற பேட்டரியைச் சுற்றினால் அந்த ஜில்லைத்தான் காக்கும். இருவரும் சால்வைக்குள் நடுங்கியபடி இருக்க, பேட்டரி குளிரைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவே ஆபீசில் வேறு ஒரு சிக்கல். ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரம் மோட்டாரைச் சுழற்றும், கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் என்று படித்த ப்ரசன்னா, போகும் வழியெல்லாம் விட்டு விட்டு ஓட்டினான். செலவானதில் ஒரு பங்குதான் அப்படித் திரும்பும் என்ற அடுத்த வரியை அவன் படிக்கவில்லை. ஆறு பேரை ஏற்றிய ஈ-ரிக்‌ஷா ஒன்று அவனை முந்தியது. "தக்கா கொடுக்கவா பையா, பின்னாலேர்ந்து தள்ளி விடவா?" என்று சிரித்தார் ஓட்டுநர்.

அந்த வாரம் ஆபீஸ் போன நாளெல்லாம் லேட். மேலதிகாரி மேதா தமிழ்க்காரிதான். அதனால் திட்டு மொழிபெயர்ப்பில்லாமல் விழுந்தது.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு க்ளையன்ட் வரார். நாலு மாசமா நீங்க உழைச்ச ப்ராஜெக்ட். அன்னிக்கும் லேட்டா வந்தா உங்க பக்கத்து சீட் பாலசுப்ரமணியம்தான் பேசுவார், அப்புறம் அது அவரோடது."

எடையைப் பார்த்தான், குளிரைப் பார்த்தான், டயரில் காற்றைக்கூடப் பார்த்தான். தூரத்தை மட்டும் பார்க்கவில்லை. அது இருவருக்கும் ஒன்றுதானே.

திங்கட்கிழமை காலை பேட்டரியை ரஜாயிலிருந்து எடுத்து வண்டியில் மாட்டிக் கிளம்பினான். கரோல் பாக் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் சிவப்பு மின்னியது. வண்டி நின்றது.

போன் போட்டான். "மாதங்கி, இன்னிக்குக் காலையிலேயே நின்னுடுச்சு!"

"சார்ஜ் போட்டியா?"

"நீதானே எப்பவும் போடுவ?"

"வெள்ளிக்கிழமை மிச்சத்துல அவ்ளோ தூரம்தான் வரும். ரஜாயைத் தொடாதன்னு சொன்னது யாரு?"

ப்ரசன்னா நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான்கு மாத உழைப்பு பாலசுப்ரமணியத்தின் வாயால் பேசப்படப் போகிறது. ஆட்டோ பிடித்தால் யமுனைப் பாலத்து நெரிசலிலேயே பத்தடித்துவிடும்.

"என்ன ப்ரசன்னா, வண்டிக்குக் காவலா?"

மேல் மாடி கோமளா ஆன்ட்டி. மயூர் விகாரில் பேங்க் வேலை. கைப்பையைத் தோளில் மாட்டியபடி ஸ்டேஷனுக்கு விரைந்துகொண்டிருந்தார். லட்டு சாப்பிட்டவர்களில் ஒருவர்.

"சார்ஜே நிக்க மாட்டேங்குது ஆன்ட்டி. மாதங்கி இதே வண்டியில நொய்டா போய்ட்டு வரா, குறையவே மாட்டேங்குது. நான் பத்து மணிக்கு அங்க இருக்கணும். என்ன பண்றதுன்னே தெரியல."

கோமளா ஆன்ட்டி ஸ்கூட்டரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாதங்கி எங்கேப்பா இதை நொய்டா வரைக்கும் ஓட்டினா? வீட்டுலேர்ந்து இந்த ஸ்டேஷன் பார்க்கிங் வரைக்கும்தான் ஸ்கூட்டர், இங்கேர்ந்து என்கூட மெட்ரோ. நீயும் வண்டிய உள்ள தள்ளிட்டு வா, ஜல்தி, பத்துக்குள்ள போயிடலாம்!"