வெற்றிடத்தில் மணி அடித்தபோது

விண்வெளிப் படங்களில் பிழை பிடிக்கும் மனிதரை எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் காசு கொடுத்து உட்கார்ந்து, கதாநாயகன் கிரகம் கிரகமாகத் தாவுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்வரிசையிலிருந்து "விண்வெளியில சத்தம் கேக்காது" என்று உங்கள் காதோரம் ஒரு குரல் வருமே, அவர்தான். உங்களிடம் சொல்லவில்லை அவர். உலகத்திடம் சொல்கிறார். உங்கள் காது வழியில் இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த இனத்துக்கென்று சில நிரந்தரக் குறைகள் உண்டு. வெடிகுண்டில் எதற்குக் கடிகாரம் வைக்கிறார்கள், அதுவும் கதாநாயகனுக்கு நேராகத் திருப்பி ஏன் வைக்கிறார்கள்? வேற்றுக் கிரகத்து ஆசாமிக்கு நம் மொழி எப்படி இலக்கணச் சுத்தமாக வருகிறது? புதுக் கிரகத்தில் இறங்கியதும் கதாநாயகி தலைக்கவசத்தைக் கழற்றி ஆழமாக மூச்சு இழுக்கிறாளே, நாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் திறக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அவளுக்கு என்ன அவசரம்? கேள்விகள் நியாயமானவைதாம். ஆனால் இத்தனையும் கேட்பவர் அடுத்த படத்துக்கும் முதல் நாள் முதல் காட்சிக்கே வந்து நிற்பார். வந்து, முதல் பாகம்தான் படம், மற்றதெல்லாம் வியாபாரம் என்பார். முதல் பாகம் வெளிவந்தபோது அதையும் வியாபாரம் என்றுதான் சொன்னார். தப்பித் தவறி விஞ்ஞானம் சரியாக இருக்கும் படம் ஒன்று வந்துவிட்டால், இடைவேளைக்குள் குறட்டை விடுவார்.

நாம் கையில் எடுத்திருக்கும் பிரகிருதிக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை. உதிரிப் பாகங்கள் வழங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பிரேக் கட்டை கேட்டு வரும் மெக்கானிக், அது கைக்கு வருவதற்குள் ராக்கெட்டுக்கு ஏன் பிரேக் கிடையாது என்பதைக் கேட்டே ஆகவேண்டும். எதைப் பேசினாலும் "வெற்றிடத்துல பாத்தீங்கன்னா" என்று ஆரம்பிப்பதால் அவருக்கு அங்கே வெற்றிடம் என்றே பெயர். விஞ்ஞானத்தை அவர் எங்கே படித்தார் என்று கேட்காதீர்கள். மதிய உணவு வேளையில், கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துப் படித்தார். கருந்துளைக்குள் விழுந்தவன் கதி என்ன என்பதைக் கண்ணால் கண்டவர்போல் விவரிப்பார். வீட்டுச் சமையலறைக் குழாய் ஏன் சொட்டுகிறது என்று கேட்டால் மட்டும் ஆள் வைத்துப் பார்க்கலாம் என்பார். அவர் மனைவி வெகுகாலமாகச் சினிமாவுக்கு அவரோடு ஒரே பேருந்தில் போய், தனியாக நுழைவுச்சீட்டு எடுத்து, வேறு வரிசையில் உட்கார்ந்து, மறுபடி ஒரே பேருந்தில் திரும்பி வருகிறாள். குடும்பம் ஒற்றுமையாக இருப்பதன் ரகசியம் அதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மகள் ஒரு பையனைக் கூட்டிவந்தாள். நல்ல பையன். ஒல்லியாக, பணிவாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்தான். என்ன உத்தியோகம் என்று விசாரித்தார் அப்பா. மகள் கத்தி மேல் நடப்பவள்போலப் பதில் சொன்னாள். கணினியில் படம் வரைகிற வேலை. எந்தப் படம்? சினிமாவுக்கு. எந்த மாதிரி சினிமா? மகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் வெளிவரப்போகும், ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருக்கும் அந்த மகா விண்வெளிப் படத்தில், கதாநாயகனின் கப்பல் எரிந்து சாம்பலாகும் காட்சியை வரைந்தது இவன்தான். இரண்டு வருஷ வேலை. பையனின் அம்மா ஒரு பள்ளித் தலைமை ஆசிரியை. இரு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே நல்ல நாள் பேசி முடித்துவிடலாம் என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பியிருந்தார்.

மகள் அப்பாவைத் தனியே அழைத்துப்போனாள். அவள் கேட்டது நகையில்லை, மண்டபமில்லை.

"அப்பா, படம் முடியற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. அவன் மனசு கண்ணாடி மாதிரி. ஒரு சொல்லு போதும், உடைஞ்சிடுவான். எனக்கு இவன்தான் வேணும்."

வெற்றிடத்துக்கு மகள் என்றால் உயிர். சத்தியம் செய்து கொடுத்தார். செய்தபோதே அவருக்கு லேசாக வியர்த்தது.

திரையரங்கில் எள் விழ இடமில்லை. அவருக்கு ஒரு பக்கம் மகள், மறு பக்கம் மனைவி. பல வருஷத்துக்குப் பிறகு அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது பாசத்தால் அல்ல, காவலுக்கு. வரிசையின் கடைசியில் பையனும் தலைமை ஆசிரியை அம்மாளும். படம் ஆரம்பித்தது. கப்பல்கள் உறுமின. ஒளிக்கற்றைகள் டிஷ்யூம் என்று பாய்ந்தன. பூமியில் பிறந்த கதாநாயகன் மூன்று நிலா உள்ள ராட்சதக் கிரகத்தில், ஈர்ப்பு விசையைப் பற்றிக் கவலையே இல்லாமல் குதித்து ஓடினான். நம்மவர் பல்லைக் கடித்தார், கைக்குட்டையைக் கடித்தார், ஒரு கட்டத்தில் இருக்கையின் கைப்பிடி என்று நினைத்து மனைவியின் முழங்கையையும் கடிக்கப் போனார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் அப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கப்பல் தீப்பற்றியது. பையன் வரைந்த கப்பல். திரையில் தகடு தகடாக உரிந்து, பொறி பொறியாகச் சிதறி, ஒரு சத்தமும் இல்லாமல் எரிந்தது. ஆமாம், சத்தமே இல்லை. சோகத்தைக் கூட்டுவதற்காக இயக்குநர் ஒலியை அடியோடு நிறுத்தியிருந்தார். வெற்றிடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு படம் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறது. மாப்பிள்ளை, நீ மனுஷன் என்று மனதுக்குள் சொன்னார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இந்தத் திருமணத்தைத் தானே முன்னின்று நடத்துவது என்று முடிவு செய்தார்.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது. எரிகிற கப்பலுக்கு நடுவே, காற்றில்லாத பெருவெளியில், கணகணவென்று மணி அடிக்க ஆரம்பித்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணியா? எந்த ஊடகத்தின் வழியாக? அடிப்பது யார்? இருந்தும் சத்தியம் நினைவுக்கு வந்தது, உதட்டை மடித்துக்கொண்டார். மணி நிற்கவில்லை. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு ஒரு குடும்பம் எழுந்தது. பிறகு அரங்கமே எழுந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, வெளியே நடக்கத் தொடங்கியது. சமோசா விற்கும் இடத்தில் கருகல் வாடை வந்ததோ, ஆபத்து மணி ஒலித்ததோ அவர் மூளைக்கு எட்டவேயில்லை. அவருக்கு எட்டியது ஒன்றே ஒன்று. மக்கள் விழித்துக்கொண்டார்கள். பிழையைப் பொறுக்கமாட்டாமல் வெளிநடப்புச் செய்கிறார்கள். பின்வரிசையில் தன்னந்தனியாக இத்தனை காலம் முணுமுணுத்தது வீண்போகவில்லை.

பெண்ணாவது, சத்தியமாவது. மனிதர் ஓடிப்போய்க் கதவருகே நின்றுகொண்டார். கைகூப்பி ஒவ்வொருவரையும் வழியனுப்பினார். கோபப்படுவது நியாயம்தான், ஆனாலும் தள்ளிக்கொள்ளாமல் வரிசையாகப் போங்கள், நம்முடைய எதிர்ப்பைக் கண்ணியமாகக் காட்டுவோம் என்று கேட்டுக்கொண்டார். அந்த நிதானமான முகத்தைப் பார்த்த ஜனங்களும் பதறாமல் வரிசையாகவே போனார்கள். தோளில் குழந்தையைச் சுமந்த ஒருவர் நன்றி சொன்னார். இவர் அடக்கத்துடன், நன்றியெல்லாம் விஞ்ஞானத்துக்கு என்றார்.

தெருவில் கூட்டத்துக்கு நடுவே பையன் நின்றிருந்தான். வெற்றிடம் போய் அவன் தோளில் கை வைத்தார். மகள் தூரத்திலிருந்தே வேண்டாம் என்று தலையசைத்தாள். காலம் கடந்துவிட்டது.

"மனசு தளராதீங்க தம்பி. கப்பல் நல்லாதான் எரிஞ்சுது. அந்த மணிதான் தப்பு. ஜனங்க இனிமே ஏமாறமாட்டாங்க."

பையன் விழித்தான். அந்த நேரம் பார்த்துத் திரையரங்க மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்து நம்மவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சமோசா அடுப்பில் துணி பற்றிக்கொண்டதாம், அணைத்தாகிவிட்டதாம், தீ மணி அடித்த பதற்றத்தில் ஒருவரையும் மிதிபடவிடாமல் வெளியே அனுப்பிவைத்த பெரியவருக்குக் காலமெல்லாம் இலவச நுழைவுச்சீட்டாம். தலைமை ஆசிரியை அம்மாள் இவரை, பரீட்சையில் வேறு பாடத்துக்கு விடை எழுதிவந்த மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மனைவி வேறு யாரோ போல் ஒதுங்கி நின்றாள். மகளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது வெற்றிடத்துக்கும் பொருந்துகிற விதி என்று மனிதருக்கு அப்போதுதான் புரிந்தது.

பையன் மெல்லக் கேட்டான். "மாமா, நெஜமாவே எல்லாரும் என் காட்சியப் பாத்துட்டுதான் எந்திரிச்சுப் போறாங்கன்னு நெனச்சீங்களா?"

"ஆமா தம்பி" என்றார் அவர்.

"தீப்பிடிச்சதுகூடத் தெரியாம அதையே பாத்துட்டு இருந்தீங்களா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"ரெண்டு வருஷம் மாமா. எங்க ஆபீஸ்ல ஒருத்தன்கூட அந்தக் கப்பல முழுசாப் பாத்ததில்ல. எங்கம்மா அந்த நேரம் பாத்து பையில கண்ணாடி தேடிட்டு இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் பாத்திருக்கீங்க."

சொல்லிவிட்டுப் பையன் அழுதான். அவனைப் பார்த்து வெற்றிடமும் அழுதார். தலைமை ஆசிரியை அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இருவரும் போதுமான அளவு அழுதுவிட்டார்கள் என்று தோன்றிய பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"கல்யாணத்த வச்சுக்கலாம். ஆனா கல்யாண வீடியோவ மட்டும் சம்பந்தி பாக்கவே கூடாது."

வெற்றிடம் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். மகள் அவசரமாக வந்து, அவர் இன்னொரு வார்த்தை பேசுவதற்குள், ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

நல்லது. நீங்களும் நிம்மதியாகச் சிரித்துவிட்டீர்கள். ஆனால் ஒரு சந்தேகம். தீ மணி அடித்தால் விளக்கெல்லாம் எரியுமே, படத்தை நிறுத்தியிருப்பார்களே, அப்புறம் எப்படி இந்த மனிதர் ஏமாந்தார், கதை இங்கே இடிக்கிறதே என்று நடுவில் உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியதும் பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொன்னீர்களா? அவர் எழுந்து வேறு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாரா?