பருப்பின் மேல் போர் தொடுத்த ஊதாவிரல் சார்

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருந்துகொண்டு துவரம்பருப்பின் மேல் போர் தொடுத்த மனிதர் சரித்திரத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஊதாவிரல் சார். ராஜாக்கள் மண்ணுக்காகச் சண்டை போட்டார்கள், அண்ணன் தம்பிகள் சொத்துக்காகச் சண்டை போட்டார்கள். இவர் ஒரு கரண்டி சாம்பாருக்காக ஸ்ரீரங்கத்தில் ஒரு தெரு முழுவதையும் எதிர்த்து நின்றார்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில் குமாஸ்தா. அடையவளஞ்சான் தெருவில் ஒரு வீட்டின் முன்பாதியில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். பின்பாதியில் ஊதாவிரல் சார் குடும்பம். நடுவே, இரண்டு பக்கமும் காது வைத்துக்கொண்டு வீட்டுக்காரம்மா. அந்த அம்மாளின் அடுப்பங்கரைக்குள் வெங்காயம் நுழைந்ததே கிடையாது. நாங்களும் வாசலோடு சரி.

சார் திருச்சியில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். புரதம் இருக்கும் இடத்தில் பட்டால் ஊதாவாக மாறுகிற மருந்து ஒன்று உண்டாம். மனிதத் தோலும் புரதம்தானே? எனவே அவருடைய விரல்கள் எப்போதும் ஊதாவாகவே இருக்கும். வருஷம் முழுக்க ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரே இந்தியப் பிரஜை என்று நாங்கள் சொல்லுவோம்.

விரலைவிட மோசம் வாய். டவுன் பஸ்ஸில் ஒருநாள், பட்டையாக நாமம் போட்ட பெரியவர் ஒருவர் பக்கத்தில் இவர் உட்கார்ந்துவிட்டார்.

"முட்டையை வேகவெச்சா ஏன் கெட்டியாகுது, யோசிச்சிருக்கீங்களா?"

பெரியவர் மாம்பழச்சாலை வருவதற்குள் எழுந்து நின்றுகொண்டார். இவரும் எழுந்து நின்றுகொண்டார்.

"அது உள்ள புரதம் நூல் மாதிரி இருக்குங்க. இருபது தினுசு மணி கோத்த நூல். மணிக்குப் பேரு அமினோ அமிலம். நூல் சும்மா கிடக்காது, தானா மடிஞ்சு ஒரு உருவத்துக்கு வரும். அந்த மடிப்புலதான் வேலையே நடக்குது. சூடு பட்டா மடிப்பு கலைஞ்சு சிக்காயிடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் பழையபடி ஆக்க முடியாது!"

கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "சார், உங்க காலேஜ் தாண்டியாச்சு. முட்டை இன்னும் வேகலீங்களா?"

இந்த மனிதர் வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் பேச மாட்டார். அதற்குக் காரணம் இருந்தது.

அந்தப் பின்பாதியில் ஒரு எலி நாற்றம் அடிக்கும். வீட்டுக்காரம்மா எலிப்பொறி வாங்கினாள். ஒன்று போதாமல் இன்னொன்று வாங்கினாள். பொறிக்குள் வைக்க வடை சுட்டுக் கொடுத்தது என் மனைவி. ஒரு எலிகூட விழவில்லை. உன் வடையைத் தின்ன எலிக்கே தைரியம் வரவில்லை என்று நான் சொன்னதன் பலனை இரண்டு வேளைச் சாப்பாட்டில் அனுபவித்தேன்.

சாருக்கு ஒரு பிள்ளை. பெயர் ரங்கன், எட்டு வயசு. அப்பா அம்மா இருவரும் கறுப்பு. பிள்ளை மட்டும் வெளுப்பு, முடி செம்பு நிறம். "குங்குமப்பூவைக் குடம் குடமா குடிச்சியா செண்பகம்?" என்று தெருப் பெண்கள் சாரின் மனைவியைக் கேட்பார்கள். செண்பகம் சிரிக்க மாட்டாள். ரங்கன் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா என்றுகூடக் கூப்பிட்டதில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பான். சமயபுரத்தில் முடி இறக்கினார்கள். குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கினார்கள். ஆட்டம் நிற்கவில்லை.

செண்பகம் சாருக்குச் சொந்த அக்கா மகள். அந்த அக்காவே மணப்பாறையிலிருந்து வந்து, பெற்ற பெண்ணைப் பார்த்து, "உன் வயித்துல என்ன சாபமோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொல்லையில் சார் ரங்கனின் ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துணியில் ஓரிடம் பச்சைப் பசேலென்று இருந்தது. கையில் காலேஜிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு பாட்டில்.

"என்ன சார், சாயம் நல்லா பிடிச்சிருக்கே!" என்றேன் நான்.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். பிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"நம்ம வீட்டுல எலியே இல்ல சார்," என்றார். "அந்த வாசனை என் புள்ளையோடது."

காலேஜ் லைப்ரரியில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தாராம். வெளுத்த முடி, எலி வாசனை, பேச்சு வராத பிள்ளை. படிக்கப் படிக்கத் தன் வீட்டையே யாரோ எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்ததாம். அதில் சொன்ன பரிசோதனைதான் அந்தப் பச்சை; இந்த நோய் இருந்தால் மூத்திரத்தில் அந்த மருந்து பட்டதும் பச்சையாகுமாம். எனக்குப் புரிவதற்காக அவர் ரயில்வே பாஷையில் இறங்கினார்.

"உங்க யார்டுல ஷண்டிங் எஞ்சின் நின்னுபோனா என்ன ஆகும்?"

"வேகன் குவிஞ்சு போகும்."

"அதேதான். பால், பருப்பு எதுல புரதம் இருந்தாலும் அதுல ஃபினைல் அலனின்னு ஒரு மணி வரும். மிஞ்சினதை இன்னொரு மணியா மாத்தறதுக்கு ஈரல்ல ஒரு என்சைம் இருக்கு. அந்த எஞ்சினும் ஒரு புரதம்தான். இவனுக்கு அது பழுதாவே பொறந்திருக்கு. மணி ரத்தத்துல குவிஞ்சு மூளையைக் கெடுத்துடுச்சு. முடி கறுக்கறதுக்கும் அந்த மாத்தின மணிதான் வேணும். அது குறைஞ்சுபோனதாலதான் இந்தச் செம்பு நிறம். நாம அழகுன்னு கொஞ்சினோம்."

செண்பகம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"சாபம் கீபம் ஒண்ணும் இல்ல செண்பகம். என்கிட்ட ஒரு பிழை, உன்கிட்ட அதே பிழை. ஒரே ரத்தம்தானே? அந்த எஞ்சினுக்கான குறிப்பு எல்லாருக்கும் ரெண்டு இருக்கும், அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. நம்ம ரெண்டு பேருக்கும் இன்னொண்ணு நல்லதா இருந்து காப்பாத்திடுச்சு. இவனுக்கு ரெண்டுமே கெட்டது வந்துடுச்சு. உன் மேல பாதின்னா, என் மேலயும் பாதி."

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப இப்ப வயித்துல இருக்கறது, மாமா?"

பஸ்ஸில் ஏறுகிற அத்தனை பேருக்கும் பதில் வைத்திருந்த மனிதர், பாட்டிலை மூடிவிட்டு அந்தத் துணியை அலச ஆரம்பித்தார்.

பெண் பிறந்தது. வள்ளி என்று பெயர் வைத்தார்கள். பிறந்த குழந்தைக்குச் சோதனையில் உடனே தெரியாதாம், கொஞ்ச நாள் ஆக வேண்டுமாம். காலையில் எழுந்ததும் சார் குழந்தைத் துணியில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார். "சாமி கும்பிடற நேரத்துல இந்த ஆளு மூத்திரத் துணியைக் கும்பிடறாரு" என்று வீட்டுக்காரம்மா முணுமுணுப்பாள். நாங்களும் சேர்ந்து எட்டிப் பார்ப்போம். மஞ்சள், மஞ்சள், மறுபடியும் மஞ்சள். ஒருநாள் காலை பச்சை.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். அந்த மணியை மட்டும் நீக்கிய மாவு சீமையில் இருக்கிறது, எழுதிப்போட்டு வரவழைக்கப் பார்க்கலாம், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் அந்த அம்மாள். "வர்ற வரைக்கும் மூளை காத்திருக்குமா டாக்டர்?" என்று சார் கேட்டாராம். திரும்பி வந்து காலேஜில் லீவு போட்டார். கொல்லையில் அடுப்பு மூட்டினார்.

பாலைத் திரியவைத்து அதன் புரதத்தைப் பிரித்தெடுப்பார். கண்ணாடிக் குடுவையில் அமிலத்தோடு கொதிக்கவைத்து, நூலறுந்து மணி மணியாக உதிரும்வரை காய்ச்சுவார். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறிப்பார். பிறகு தேங்காய்த் தொட்டிக் கரியில் வடிகட்டுவார். அந்தப் பொல்லாத மணி கரியில் ஒட்டிக்கொள்ளும். கூடவே வேண்டிய மணி இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றை மட்டும் மருந்துக் கம்பெனியில் வாங்கித் திரும்பச் சேர்ப்பார். ஃபினைல் அலனினும் அடியோடு இல்லாமல் உடம்பு வளராதாம். அதற்காகச் சங்கில் அளந்து துளிப் பால். ஒவ்வொரு தடவையும் வடித்ததில் ஒரு சொட்டைக் காகிதத்தில் ஓடவிட்டுத் துணிக்கொடியில் காயப்போடுவார். அவர் விரலை ஊதாவாக்கிய அதே மருந்தைத் தெளித்ததும் காகிதத்தில் ஊதாப் புள்ளிகள் வரிசையாக எழும்பும், மணிக்கு ஒரு இடம். பொல்லாத மணிக்கான இடத்தில் மட்டும் புள்ளி வரக்கூடாது. வந்துவிட்டால் அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

இதன் நாற்றத்தை எப்படிச் சொல்ல? பழைய எலி நாற்றத்துக்காக ஏங்கும்படி ஆகிவிட்டது. மதுவிலக்குக் காலம் வேறு. யாரோ போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு கொல்லைப்புறம் வழியாக வந்து இறங்கினார்.

"வாத்தியார் வேலை பார்த்துக்கிட்டு கள்ளச்சாராயம் காய்ச்சறியா?"

"இது என் குழந்தைக்குச் சாப்பாடுங்க."

"யார்கிட்ட கதை விடற? யோவ், குடிச்சுப் பாருய்யா."

அனுபவசாலியான கான்ஸ்டபிள், வடித்து வைத்திருந்ததில் ஒரு டம்ளர் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் ஊற்றிக்கொண்டார். அடுத்த கணம் கிணற்றடிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கண்ணில் தாரை தாரையாக நீர்.

"ஐயா, இது சாராயம் இல்லீங்க. சாராயம்னா குடிக்க முடியுங்க."

அந்த நேரத்தில் செண்பகம் வந்தாள். அதே திரவத்தைப் பாலாடையில் எடுத்து, மடியிலிருந்த குழந்தைக்குப் புகட்டினாள். வள்ளி சப்புக்கொட்டிக் குடித்தது. கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிவிட்டார். போகும்போது சப்-இன்ஸ்பெக்டர், "விறகு ஏதும் வேணும்னா சொல்லியனுப்புங்க" என்றார்.

"இவனுக்கும் கொடுத்துப் பார்க்கலாமே மாமா" என்றாள் செண்பகம், ரங்கனைக் காட்டி. நடந்த கேடு நடந்ததுதான், மூளை திரும்பாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்தார். அன்றுதான் பருப்பு யுத்தம் ஆரம்பம். வீடு வீடாகப் போய், "என் பையன் வந்தா பருப்புச் சாதம் போட்டுடாதீங்க, கோயில் பொங்கலும் கொடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டார். பெற்ற பிள்ளையின் வாயைக் கட்டும் கஞ்சன் என்றது தெரு. வீட்டுக்காரம்மா ஒருநாள் ரங்கனைக் கூப்பிட்டு நெய் ஊற்றிப் பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டப்போக, இவர் பாய்ந்து உருண்டையைத் தட்டிவிட்டார்.

"அன்னத்தைத் தட்டறீரே வாத்தியாரே, நீர் உருப்படுவீரா?"

"நான் உருப்பட வேணாங்க. அவன் உருப்படணும்."

அதன்பின் இருவருக்கும் பேச்சு இல்லை.

ரங்கனின் ஆட்டம் மெல்லக் குறைந்தது. ஒரு மாலை, கொடியில் தொங்கிய காகிதத்தை அவன் தொட்டான். ஊதாப் புள்ளியைப் பார்த்தான். பிறகு அப்பாவின் விரலைப் பிடித்துப் பார்த்தான். மறுபடி புள்ளியை, மறுபடி விரலை. சார் எங்கள் பக்கம் ஓடி வந்தார்.

"ரெண்டும் ஒண்ணுன்னு கண்டுபிடிச்சுட்டான் சார்! அவனாவே கண்டுபிடிச்சுட்டான்!"

தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தார். கல்கண்டில் புரதம் கிடையாது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்.

அந்த மாசியில் ரங்கனுக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்தது. வலிப்பு அவனுக்குப் புதிது இல்லை. ஆனால் இந்த முறை விடவில்லை. விடிந்தபோது அப்பாவின் மடியில் கிடந்தான். ஊதா விரல்கள் அந்தச் செம்பு முடியைக் கோதிக்கொண்டே இருந்தன.

மணப்பாறை உறவுகள் வந்து சேர்ந்தார்கள். கொல்லை அடுப்பில் குடுவை கொதித்துக்கொண்டிருந்தது, வள்ளிக்கான மறுநாள் ஆகாரம். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியலாமா என்று யாரோ ஒரு செம்புத் தண்ணீரோடு அணைக்கப் போனார். சார் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"கையை எடுய்யா!"

வீட்டுக்காரம்மாவின் குரல். அவள் என்னைக் கூப்பிட்டாள். குடுவையை, அது புதைந்திருந்த மணல் சட்டியோடு பிடிக்கச் சொன்னாள். இருவரும் தூக்கிக்கொண்டு அவளுடைய அடுப்பங்கரைக்குள் போனோம். நான் அந்தப் படியைத் தாண்டியது அன்றுதான். தன் அடுப்பில் அதை ஏற்றி, விசிறி எடுத்துக் கரியை விசிறினாள். புகை கண்ணைக் கரித்தது.

"தீட்டு ஆச்சேம்மா" என்றேன்.

"குழந்தை குடிக்கிற வஸ்து எப்படிய்யா தீட்டாகும்? ரங்கா, ரங்கா..."

எந்த ரங்கனைக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. வாத்தியார் காவேரிக்கரையிலிருந்து திரும்பும் வரை அவள் விசிறியைக் கீழே வைக்கவில்லை.

அதற்கப்புறம் சார் பஸ்ஸில் யாரிடமும் பேசியதில்லை. "முட்டை வாத்தியாருக்கு உடம்பு சரியில்லீங்களா? கம்முனு வர்றாரு, எனக்குப் பொழுதே போகமாட்டேங்குது" என்று கண்டக்டர் என்னை விசாரித்தார். சீமை மாவு கடைசியில் வந்து சேர்ந்தது. ஆனாலும் பருப்பு யுத்தம் ஓயவில்லை. இப்போது அவருக்கு ஒரு தளபதி கிடைத்திருந்தாள். வள்ளிக்கு யாராவது வடை நீட்டினால், வீட்டுக்காரம்மா தெருக்கோடியிலிருந்தே கத்துவாள்.

வள்ளி பள்ளிக்கூடம் போகிற வயசில் சாருக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். வள்ளி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். கார்டு ஏன் பச்சைக் கொடி வைத்திருக்கிறார், எஞ்சினுக்கு ஏன் தாகம் எடுக்கிறது, இந்த மாமா ஏன் ரயிலில் ஏறவில்லை.

"பேசாம இரேன் வள்ளி" என்றாள் செண்பகம்.

"பேசட்டும்," என்றார் சார். பிறகு ஜன்னல் கம்பி வழியாக என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ரங்கன் பொறந்தப்ப இந்தச் சாப்பாட்டை உலகத்துல யாரும் காய்ச்சிப் பார்க்கல சார். அவன் கொஞ்சம் முன்னாடி பொறந்துட்டான். அவ்வளவுதான்."

கம்பியைப் பிடித்திருந்த அவர் கையின் மேல் என் கையை வைத்தேன். வண்டி நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன், பிளாட்பாரம் முடிகிற இடம் வரை. அதற்கு மேல் ரயில்வேக்காரனுக்கும் வழி கிடையாது.