நாலு காலுக்கும் எலுமிச்சம்பழம்

போடிமெட்டுச் சரிவு,
ஐப்பசி, 1983

மதுரை ஆசுபத்திரியில் படுத்திருக்கும் மாப்பிள்ளை வெள்ளைத்துரை அவர்களுக்கு மைத்துனன் கோட்டைச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் ஏலத் தோட்டமும் மழையும் சுகம். உங்கள் இடுப்பெலும்பு கூடி, நீங்கள் நடந்து மலையேறும் நாளைக் குலசாமி வெரசாகக் கொடுக்கட்டும். தேன்பெட்டியைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

தங்கச்சி அன்னக்கொடி, அவருக்கு இதுவரைக்கும் சத்தமாக வாசித்தால் போதும். மிச்சத்தை வராந்தாவுக்குப் போய் வாசி.

பெட்டி காலி, ஆத்தா. ஓர் ஈ இல்லை. கஞ்சி குடிக்கும் முன்னால் "பெட்டியில ஈ போக வர இருக்கா?" என்றுதான் கேட்கிறார், இருக்கு என்றால்தான் வாயைத் திறக்கிறார் என்று நீ எழுதியிருந்தாயே, அதை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை.

அவர் சொல்லிவிட்டுப் போனதில் எதையாவது நான் மீறினேனா? நிழலில் வைக்கச் சொன்னார், வைத்தேன். சும்மா சும்மா திறந்து பார்க்காதீங்க என்றார், திறக்கவில்லை. மழை மாதத்தில் பூ இருக்காது, சீனிப்பாகு காய்ச்சி வையுங்க என்றார், என் காப்பிக்குச் சீனி இல்லாமல் அதுகளுக்குக் காய்ச்சினேன். கீழ் அறையில் குஞ்சு வளருது, கை வைக்காதீங்க என்றார், கனவில்கூட வைக்கவில்லை. வேர்வை நாத்தத்தோடு கிட்டப் போகாதீங்க என்றார், இந்தக் குளிரில் தினம் குளித்துச் செத்தேன். இந்த லட்சணத்தில் ஆயுத பூசை வந்தது. முப்பது வருசம் இந்த மலையில் ஜீப்பு ஓட்டியவன் நான். சோறு போடுகிற சாமானுக்குப் பூசை போடாமல் ஒரு வருசம் விட்டதில்லை, வண்டியும் ஒரு தடவை கவிழ்ந்ததில்லை. இப்போது எனக்குக் கண் மங்கிப்போய், ஜீப்பு கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கிறது. தேவாரம் ஊர்க்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டிருக்கிறார். விற்கிற வண்டிக்கு எதுக்குப் பூசை என்று அதன் பக்கமே போகவில்லை. அந்தப் பூசையையும் சேர்த்துப் பெட்டிக்கே போட்டேன். சந்தனம் பூசினேன், குங்குமம் வைத்தேன், மாலை போட்டேன், சாம்பிராணியை அள்ளிப் போட்டு வாசலில் காட்டினேன். வேர்வை நாத்தம்தானே ஆகாது, சாம்பிராணி நல்ல வாசனையாச்சே! அப்புறம் சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி நாலு காலுக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டாமா? காலுக்கு அடியில் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகள் இருந்தன. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பழத்தை வைத்துப் பெட்டியோடு அழுத்தி நசுக்கினேன். மனசுக்கு நிறைவாக இருந்தது, போய்ப் படுத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் நாலு கால் வழியாகவும் எறும்பு ஏறுது. அதுக மொத்தமா இரைஞ்சுக்கிட்டு வெளிய வந்து, ஏலச்செடிக்கு மேல ஒரு சுத்துச் சுத்துச்சு. தட்டினா இறங்கும்னு சொல்வாகளேன்னு சீனிச்சட்டியைத் தட்டிக்கிட்டே ஓடினேன். வழுக்கி விழுந்து எந்திரிச்சுப் பார்த்தா வானம் மட்டும் இருக்கு. சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து மொக்கையன் ஓடி வந்தான்.

"என்னண்ணே, காட்டுப்பன்னியா?"

"தேனீ போயிருச்சுடா."

"சிரட்டையை எதுக்குண்ணே எடுத்தீக? எறும்பு ஏறக் கூடாதுன்னுல்ல தண்ணி வச்சிருக்கு!"

"எலுமிச்சம்பழம் வைக்கணும்ல?"

"ஏன், பெட்டியை ஓட்டிக்கிட்டு மெட்டுக்குப் போகப் போறீகளா?"

சிரிக்கிறான், பாவிப்பய. நான் அந்த வெறும் பெட்டிப் பக்கத்துல உக்காந்து அழுதேன். தங்கச்சிகிட்டச் சொல்றதுக்கு என்ன வெக்கம்.

அவர் கேட்டா இருக்குன்னே சொல்லு, பொய் சொன்ன பாவம் எனக்கு வரட்டும். அவர் எந்திரிச்சு வந்து பெட்டியைத் திறக்கிற அன்னைக்கு நான் இந்த மலையில இருக்க மாட்டேன். கம்பம் பக்கம் எங்கயாச்சும் போயிருவேன்.

நீ மஞ்சள் குங்குமத்தோடு நூறு வருசம் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உன் ஒன்றுக்கும் ஆகாத அண்ணன்,
கோட்டைச்சாமி

பி.கு.: எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வலது கை வீங்கிவிட்டது, இடது கையால் எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டுவதற்குள் தேவாரத்துக்காரர் ஜீப்பைப் பார்க்க வந்துவிட்டார். ஜாக்கியை எடுத்துக் காட்டலாம் என்று சீட்டுக்கு அடியில் இருக்கிற சாமான் பெட்டிக்குள் கையை விட்டேன். அத்தனையும் அங்கதான் இருக்குதுக, ஆத்தா! வெள்ளை வெளேரென்று புது அடை கட்டித் தொங்கவிட்டிருக்குதுக. தேவாரத்துக்காரர் ஓடிய ஓட்டத்தில் அவர் செருப்பு ஒன்று இங்கேயே கிடக்கிறது. வண்டியை இனி யாரும் வாங்கப் போவதில்லை. இந்த வருசம் நான் பூசை போடாமல் விட்ட ஒரே சாமான் அதுதான், தேடிப்போய் அதிலே குடியேறியிருக்குதுக. எறும்பு ஏறாமல் இருக்க நாலு சக்கரத்தைச் சுற்றியும் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டிருக்கிறேன். நீ வராந்தாவில் நிற்காதே, உள்ளே போ. முதலிலிருந்து கடைசி வரைக்கும் அவருக்குச் சத்தமாக வாசி, திட்டினால் திட்டட்டும். திரும்பப் பெட்டிக்கு மாற்ற அவரேதான் எழுந்து வர வேண்டும், நான் கை வைக்க மாட்டேன். கஞ்சிக்கு முன்னால் கேட்பார் இல்லையா, போக வர இருக்கு என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்.