தௌஃபீக்கோட பின்சீட்டு

சத்தியம் பண்றதுக்குன்னே எங்க ஹரார்ல ஒரு நேரம் இருக்கு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு, ஆம்பளைங்க ஒண்ணா உக்காந்து சாத் இலையை மெல்ல ஆரம்பிச்சு, கண்ணு லேசா பளபளக்கும் பாருங்க, அந்த நேரம். அப்ப ஒருத்தன் கப்பல் வாங்குவான். ஒருத்தன் மாமியாரை மன்னிப்பான். சாயங்காலம் இலை தீரும், கப்பலும் தீரும், மாமியாரும் பழையபடி மாமியாராயிடுவா. இலை நேரத்துல சொன்னதை யாரும் மறுநாள் கேக்கக் கூடாது. ஊர் வழக்கம்.

அந்த வழக்கத்தை நம்பித்தான் தௌஃபீக் எழுந்து நின்னு நெஞ்சுல ஒரு அறை அறைஞ்சார்.

"எங்கப்பா மேல ஆணை! நெஜாஹா கல்யாணத்துக்கு என் நாலு பெஜோ காரும் ஓடும்! வரிசையா! ஹாரன் அடிச்சுக்கிட்டு!"

எழுந்து நின்னார்னா, நின்னுபோன காரோட பின்சீட்டுல எவ்வளவு நிக்க முடியுமோ அவ்வளவு. தலை கூரையில நங்குன்னு இடிச்சுது. கூட இருந்தவங்க அதுக்கும் சேத்துக் கை தட்டினாங்க.

அந்த நாலு வண்டியும் அவங்கப்பா வச்சுட்டுப் போனது. எல்லாம் ஒரே ஜாதி, பெஜோ நானூத்தி நாலு. ஹராருக்கும் திரெதாவாவுக்கும் நடுவுல மலை ஏறி இறங்கி டாக்ஸியா ஓடினது. எங்க ஊர் மதிலுக்குள்ள சந்துல ரெண்டு கழுதை எதிரெதிரா வந்தாலே ஒண்ணு பின்வாங்கணும், இதுல வண்டியை எங்க நிறுத்த? அதுக்காகவே அந்த மனுஷன் மதிலுக்கு வெளியில பெரிய முத்தம் வச்சு வீடு கட்டினார். அவர் காலம் முடிஞ்சதும் வண்டிங்களும் துக்கம் கொண்டாடற மாதிரி ஒண்ணொண்ணா நின்னுடுச்சு. வெள்ளை, மஞ்சள், சாம்பல், நீலம். மஞ்சள் வண்டிக்குள்ள ஒரு தடவை கழுதைப்புலி குட்டி போட்டுடுச்சு. கிமியா பதறாம தினமும் எலும்பு போட்டா. குட்டிங்க வளந்து போச்சு. இப்பவும் அந்த வழியா போற கழுதைப்புலி எல்லாம் அந்த வீட்டு வாசல்ல மட்டும் சத்தம் போடாமப் போகும். பிரசவம் பாத்த வீடாச்சே!

எங்க விட்டேன்? ஆங், கிமியா. தௌஃபீக்கோட பொண்டாட்டி. அவளைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சா போதும். அவ கத்தவே மாட்டா. கத்துற பொண்டாட்டிகிட்டேருந்து தப்பிக்கலாம்.

அதனாலதான் தௌஃபீக்குக்கு அந்த நீல வண்டியோட பின்சீட்டு அவ்வளவு உசத்தி. கதவைச் சாத்தினா வீட்டுக்குள்ளேருந்து கூப்பிடறது கேக்காது. சந்தைக்குப் போகச் சொன்னா கேக்காது. கூரை ஒழுகுதுன்னா கேக்காது. "வண்டி ரிப்பேர் நடக்குது"ன்னு சொல்லிட்டு மத்தியானமானா உள்ள போயிடுவார். மெக்கானிக் ஜெமாலும், ரிடையரான வாத்தியார் இமாஜும் இலைக்கட்டோட வந்து சேருவாங்க. ரிப்பேர் வருஷக்கணக்கா நடந்துச்சு. ஒரு ஸ்பேனர் கூட வெளியில வரல. வண்டி ஓட ஆரம்பிச்சா அவர் எங்க உக்காருவார், சொல்லுங்க?

சத்தியம் பண்ணின அன்னிக்கு சாயங்காலம் கிமியா காபித் தோலைப் பால்ல காய்ச்சி எடுத்துட்டு வந்தா. சிரிச்ச முகம். தௌஃபீக் கப்பை யோசிச்சு யோசிச்சுத்தான் வாங்கினார்.

"என்னங்க, உள்ள நம்ம அஃபோச்சா பொம்பளைங்க கூடியிருந்தாங்க. எல்லாரும் அழுதுட்டாங்க."

"யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல. ஜன்னல் வழியா உங்க சத்தியத்தைக் கேட்டாங்க. என் அக்கா பொண்ணு நெஜாஹா, என் மாமனார் வண்டியில ஊர்வலம் போகப் போறாளேன்னு அழுகை. வாடகை வண்டி வேண்டாம்னு அப்பவே சொல்லி அனுப்பியாச்சு."

தௌஃபீக்குக்குப் பால் புரை ஏறுச்சு.

"ஏம்மா, அது இலை நேரத்துல சொன்னதும்மா!"

"மென்னது நீங்க. கேட்டது நாங்க. நாங்க மெல்லலையே?"

அஃபோச்சான்னா லேசுப்பட்டதில்ல. கல்யாணமோ சாவோ, பொம்பளைங்க மொத்தமா வந்து நிக்கிற சங்கம். அது காதுல விழுந்த வார்த்தையை மாத்தினா முடிஞ்சுது. எங்க தெருவுல ஒருத்தர், ஒரு கல்யாணத்துக்குத் தேன் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டு மறந்துட்டார். அதுலேருந்து அவர் பேரே தேன். "தேன் கடைக்குப் போறார்", "தேனுக்குப் பல் வலியாம்." மனுஷன் செத்தப்பக்கூட, "ஐயோ, தேன் போயிடுச்சே"ன்னுதான் அழுதாங்க. அவரோட நிஜப் பேரு என்னன்னு எனக்கு இப்பவும் தெரியாது.

தௌஃபீக் யோசிச்சார். பேரு கெடாமத் தப்பிக்க ஒரே வழி, இழுத்தடிக்கிறது. கடைசி நாள் வரைக்கும் மும்முரமா இருக்கிற மாதிரி இருந்துட்டு, "சாமான் கிடைக்கலையே"ன்னு கையை விரிச்சுடலாம். சாமான் கிடைக்கலைன்னா யார் மேல தப்பு?

"சரி கிமியா. நாளைக்கே வேலையை ஆரம்பிச்சுடறோம். உனக்கு வேற ஏதாச்சும் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாங்க. சீட்டை மட்டும் கழட்டிக் குடுங்க. கல்யாண வண்டி, புது உறை தைக்கக் குடுக்கறேன்."

இவ்வளவுதானான்னு அவருக்கு உச்சி குளுந்துடுச்சு. அன்னிக்கே நாலு வண்டி சீட்டையும் கழட்டிக் குடுத்தார். நீல வண்டி சீட்டையும்தான். மறுநாள் காலையில சீட்டெல்லாம் கழுதை மேல ஏறி, தையல் மெஷின் கடகடக்கிற சந்துக்குப் போச்சு. பின்சீட்டு மேல தையக்காரர் கால் மேல கால் போட்டு உக்காந்துட்டுப் போனார். மந்திரி கெட்டார்!

அன்னிக்கு மத்தியானம் ஜெமாலும் இமாஜும் இலைக்கட்டோட வந்தாங்க. நீல வண்டிக் கதவைத் திறந்தா உள்ள வெறும் தகரம், நாலு கம்பி.

"எங்கடா உக்கார்றது?"ன்னார் இமாஜ்.

"வீட்டுக்குள்ள வாங்க"ன்னு தௌஃபீக் கூட்டிட்டுப் போனார். உள்ள கல்யாணத்துக்காக அஃபோச்சா பொம்பளைங்க சுவத்துக்குச் செம்மண் வர்ணம் அடிச்சுட்டு இருந்தாங்க. பாய், மெத்தை, திண்டு எல்லாம் அலசி மொட்டை மாடியில காயுது. "எங்க வேணா உக்காருங்க, ஆனா ஈரம்"ன்னா ஒருத்தி. சரி, முத்தத்துலயே தரையில உக்காரலாம்னு வெளிய வந்தா, கிமியா குடத்தோட நிக்கிறா. முத்தம் முழுக்கத் தண்ணி.

"தூசி பறக்குதுங்க. வர்ணம் கெட்டுடும்."

மூணு பேரும் நின்னாங்க. நின்னுக்கிட்டே மென்னாங்க. சாத் இலைக்கு ஒரு குணம் உண்டு. உக்காந்து மென்னா வாய் பேசும். நின்னு மென்னா கை துறுதுறுக்கும். ஜெமால் சாஞ்சுக்க ஏதாச்சும் வேணும்னு வெள்ளை வண்டியோட பானெட்டைத் தூக்கினார். தூக்கினா பாக்காம இருக்க முடியுமா? பாத்தா தொடாம இருக்க முடியுமா?

"இந்த கார்புரேட்டரைப் பாரேன், குருவி கூடு கட்டியிருக்கு."

"டேய், விட்றா. நாளைக்குப் பாத்துக்கலாம்"ன்னார் தௌஃபீக்.

அந்த நேரம் பாத்துக் கிமியா டீ கொண்டு வந்தா. "பாவம், நீங்க ஏன் சிரமப்படறீங்க ஜெமால் அண்ணே? இதெல்லாம் பழைய ஆளுங்க பாத்த எஞ்சின். இந்தக் காலத்து மெக்கானிக்குக்கு வராதுன்னு எங்க மாமனாரே சொல்லுவார்."

டீ வச்சுட்டுப் போயிட்டா. அவ்வளவுதான். ஜெமால் சட்டையைக் கழட்டிட்டார்.

"வராதாமா? எனக்கா வராது? வாத்தியாரே, அந்த ஸ்பேனரை எடு! அது இல்லய்யா, அது சுத்தி! இத்தனை வருஷம் என்னத்தைய்யா பாடம் நடத்தினே?"

"சரித்திரம்."

"அதான் எல்லாம் பழசாவே இருக்கு!"

நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, வெள்ளை வண்டி முதல்ல இருமுச்சு. அப்புறம் ஒரு தும்மல். முத்தத்துக் கோழியெல்லாம் பறந்து சுவர் மேல ஏறிடுச்சு. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது பாருங்க, அடித்தொண்டையில சிரிக்கிற மாதிரி, டுக்கு டுக்குன்னு. தௌஃபீக் அசையாம நின்னுட்டார். சின்ன வயசுல அந்தச் சத்தம் தெருமுனையில கேட்டா அப்பா வந்துட்டார்னு அர்த்தம்.

"ஏண்டா அழறே?"ன்னார் இமாஜ்.

"புகைடா. புகை."

அதுக்கப்புறம் அவருக்கே கை நிக்கல. மஞ்சள் வண்டிக்கு ரேடியேட்டர் அடைப்பை அவரே எடுத்தார். சாம்பல் வண்டிக்கு பிரேக். சாமான் கிடைக்காதுன்னு நினைச்சாரே, ஊர்ல பாதி டாக்ஸி அதே ஜாதிதானே? ஆளுக்கொண்ணு கொண்டு வந்து குடுத்தாங்க. மூணு வண்டி ஓட ஆரம்பிச்சுது. முதல்ல தைச்சு வந்த சீட்டு வெள்ளை வண்டிக்குள்ள ஏறுச்சு. சிவப்பும் பச்சையுமா உறை, எங்க ஊர்க் கூடையில முடையற அதே பூவேலைப்பாடு.

ஒரு விஷயம் மட்டும் தௌஃபீக்குக்குப் புரியல. அவர் காலையில வெயில் ஏறினப்புறம்தான் எழுந்துப்பார். எழுந்து வந்து பாத்தா வெள்ளை வண்டி தினமும் வேற பக்கம் பாத்து நிக்கும். நேத்து மூக்கு வாசலைப் பாத்துச்சு, இன்னிக்கு மாட்டுக்கொட்டாயைப் பாக்குது. ஒரு நாள் மாதுளை மரம் லேசா சாஞ்சிருந்துச்சு.

"ஜெமால் காலையில வந்து ஓட்டிப் பாக்கறார் போல"ன்னா கிமியா, செருப்பைக் கழுவிக்கிட்டே. செருப்புல பெட்ரோல் வாடை.

தௌஃபீக் அதைப் பெருசா எடுத்துக்கல. அவருக்கு வேற கவலை. பாக்கி இருந்தது நீல வண்டி, அதையும் ஜெமால் கிட்டத்தட்ட முடிச்சுட்டார். அவரோட வண்டி. அதுவும் கிளம்பிட்டா இந்த உலகத்துல அவருக்குன்னு ஒரு சாத்தின கதவு கிடையாது. மூணு ஓடினா போதாதா? நாலாவது ஓடலைன்னா தேன்னா கூப்பிடப் போறாங்க? மிஞ்சிப் போனா கால் தேன்!

கல்யாணத்துக்கு முந்தாநாள், எல்லாரும் வர்ணம் காயறதைப் பாத்துட்டு இருக்கிற நேரத்துல, நீல வண்டி பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, உள்ளேருந்த ரோட்டரை உருவிட்டார். கட்டை விரல் அளவு சாமான். அது இல்லாட்டி பிளக்ல பொறி வராது, எவ்வளவு சாவி திருப்பினாலும் எஞ்சின் கனைக்கும், கிளம்பாது. எங்க ஒளிக்கிறது? வீட்ல கிமியா கைபடாத இடம் ஒண்ணுதான். தலையில இருந்த தொப்பிக்குள்ள வச்சுக்கிட்டார். ரெண்டு நாளும் தொப்பியைக் கழட்டவே இல்ல. தலை அரிச்சுது. சொறிஞ்சுக்கல. அவ்வளவு வைராக்கியம்!

கல்யாணத்தன்னிக்கு காலையில முத்தம் நிறைய பொம்பளைங்க. பட்டும் பவுனும் பாட்டும். வெள்ளை வண்டியில நெஜாஹா ஏறினா, ஓட்டறது ஜெமால். மஞ்சளுக்கு இமாஜ். சாம்பலுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர். நீல வண்டிக்குள்ள அஃபோச்சா பெரியம்மாங்க மூணு பேர் வெந்தயக் குழம்புப் பானைகளோட நெருக்கி உக்காந்தாச்சு.

தௌஃபீக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு முன்னாடி வந்தார். ஒத்திகையெல்லாம் பாத்து வச்ச பேச்சு.

"மன்னிக்கணும் பெரியம்மா. இது ஒண்ணு மட்டும் கிளம்பாது. ராத்திரி பகலாப் பாத்தோம். ஏதோ சாமான் போயிடுச்சு. எறங்கி மத்த வண்டியில..."

டுக்கு டுக்கு டுக்கு.

நீல வண்டி கிளம்பிடுச்சு.

தௌஃபீக் கை தானா தொப்பிக்குப் போச்சு. ரோட்டர் உள்ளதான் இருக்கு. விரலுக்குத் தட்டுப்படுது. யா அல்லாஹ், இது என்ன அதிசயம்?

"அது பழசுங்க"ன்னு வண்டிக்குள்ளேருந்து கிமியா குரல், பானையும் பெரியம்மாங்களுமா இருந்ததுல ஆள் தெரியல. "காணோம்னு ஜெமால் அண்ணன் நேத்தே சொல்லிட்டார். திரெதாவாலேருந்து புதுசு வந்தாச்சு. அது தொப்பிக்குள்ளயே பத்திரமா இருக்கட்டும். வழியில இது போச்சுன்னா உதவும்."

பெரியம்மாங்க மூணு பேரும் வாயைப் பொத்திக்கிட்டாங்க. பொத்தி என்ன பிரயோஜனம், வண்டியே குலுங்குச்சு.

சரி, போனது போச்சுன்னு தௌஃபீக் மூச்சை இழுத்து விட்டார். வண்டி ஓடுது. அப்பா வண்டி. அப்பா ஓட்டின அதே மலை ரோடு. ஸ்டியரிங்கைப் பிடிச்சு, கண்ணாடியை இறக்கி விட்டு, ஊரே பாக்க ஹாரன் அடிச்சுட்டுப் போகலாம். அப்படிப் பாத்தா மோசமில்ல. நெஞ்சு கொஞ்சம் நிமிந்துடுச்சு. சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டு, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

அங்க கிமியா உக்காந்திருந்தா. முக்காட்டை இறுக்கிக் கட்டி, சீட்டை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டு, ஒரு கை கியர் மேல.

வாசலைப் பாத்து நின்ன மூக்கு, கொட்டாயைப் பாத்து நின்ன மூக்கு, சாஞ்ச மாதுளை மரம், பெட்ரோல் வாடை அடிச்ச செருப்பு, எல்லாம் ஒண்ணொண்ணா அவர் மண்டையில வந்து உக்காந்துச்சு.

"நீ... நீயா ஓட்டப் போறே? மலை ரோடு கிமியா! அப்ப நான் எங்க உக்கார்றது?"

கிமியா ஹாரனை ஒரு தட்டு தட்டினா. முன்னாடி மூணு வண்டியும் பதில் குடுத்துச்சு. பின்னால ஒரு பெரியம்மா ஒதுங்கி இடம் விட்டு, குழம்புப் பானையைத் தூக்கி அவர் பக்கம் நீட்டினா.

"பின்னாடி ஏறிக்குங்க. உங்களுக்குப் பிடிச்ச சீட்டுதானே!"