அறுபத்து நாலு வந்தால் சூளையைத் திறக்கச் சொல்லுங்கள், மாமா

விருத்தாசலம்,
இரவு பத்தரை மணி.

அன்புள்ள தமிழ்செல்வன் மாமாவுக்கு,

கவிப்ரியா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அப்பா நாளைக் காலை வரைக்கும் நலம்.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அப்பாவைப் போல உங்களுக்கும் நைட் ஷிப்ட், விழித்திருப்பீர்கள்தானே. அப்பா வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் சூளையின் சூட்டைக் காட்டும் மீட்டர் அணைந்துவிட்டது. மெக்கானிக் விமல்ராஜ் அண்ணனிடம் கொடுக்கச் சொல்லி அப்பா என்னிடம் தந்தார். நான் கொடுக்காமல், நீங்கள் வாங்கித் தந்த சிப்பை அதில் போட்டு நானே சரிசெய்து, அண்ணன் சரிசெய்ததாகப் பொய் சொல்லிவிட்டேன். வேலை சுத்தம். எண்ணை இலக்கம் இலக்கமாகப் பிரித்துக் காட்ட அந்தச் சிப்புக்குப் பத்தால் வகுக்கத் தெரியாது, ஆனால் எனக்கு வழி தெரியும். எண்ணை ஒவ்வொரு பிட்டாக இடப்பக்கம் தள்ள வேண்டும். தள்ளும் முன் எந்த இலக்கமாவது ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் மூன்றைக் கூட்ட வேண்டும். நான் தள்ளினேன். மூன்றை மட்டும் கூட்ட மறந்துவிட்டேன். ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது நாலு டிகிரி என்று சரியாகத்தான் காட்டியது, மாமா! ஒன்பது வரைக்கும் தப்பே வராது. அதற்கு மேல்தான் பத்துப் பத்தாக எண்ணாமல் பதினாறு பதினாறாக எண்ணும், பத்து முதல் பதினைந்து வரை இலக்கத்துக்குப் பதில் எழுத்து வரும்.

சாயங்காலம் மாட்டினார்கள். "நடுநடுவுல கோணல் கோணலா எழுத்து வருது, புது மாடலு போல"ன்னு அப்பாவுக்குப் பெருமை. பத்து மணிக்கு 120 காட்டியதாம். உண்மையில் அது 288. உள்ளே அறுநூறு ஊறுகாய் ஜாடி வெந்து ஆறிக்கொண்டிருக்கிறது. மீட்டர் இரண்டு இலக்கத்துக்கு வந்தால்தான் சூளையைத் திறப்பது அங்கே வழக்கம். 153 டிகிரியிலேயே அது 99 என்று காட்டும். அப்பா திறப்பார், ஜாடியெல்லாம் விரிசல் விடும், முதலாளி கோதண்டபாணி அப்பாவை வூட்டுக்கு அனுப்பிடுவாரு.

பயப்படாதீர்கள். கணக்கு போட்டாயிற்று. நூறு டிகிரிக்கு மீட்டர் 64 காட்டும். நீங்கள் விமல்ராஜ் அண்ணன் குரலில் அப்பாவுக்குப் போன் போட்டு, "கொளஞ்சியண்ணே, இது புது மாடலு, அறுபத்து நாலு வந்தாத்தான் தெறக்கணும்"னு மட்டும் சொல்லிடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு வணக்கம், வெண்பா பாப்பாவுக்கு முத்தம்.

தங்கள் அறிவுள்ள மருமகள்,
கவிப்ரியா

பி.கு.: அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடிப்பதற்குள் மணி நாலாகிவிட்டது. இப்போது அப்பாவே அம்மா போனுக்குக் கூப்பிட்டார். "மீட்டரு தொண்ணூத்தொம்போது காட்டுது கவி. சந்தேகமா இருந்துது, சூளை ஓட்டையில ஈரத்துணிய வச்சேன், சுர்ருங்குது. நான் தெறக்கல. விடியட்டும், விமல்ராஜு கடைக்குப் போயி அவன் மூஞ்சிக்கு நேரா மீட்டரப் பிரிக்கிறேன்." ஆகவே போன் வேண்டாம், மாமா. முதல் ரயிலில் நீங்களே வாங்க. சிப்பின் மேல் ஸ்கூல் நோட்டு லேபிள் ஒட்டியிருக்கிறேன்: கொ. கவிப்ரியா, பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல்.