இட்லித் தட்டில் இருபத்தெட்டு மருந்து

இதில் ஒரு காற்புள்ளியைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை என்று காளிகாட் காளி கோவில் இருக்கும் திசையைப் பார்த்து, வெறும் வயிற்றோடு சத்தியம் செய்கிறேன். காபியைச் சேர்க்கக் கூடாது.

வித்யாலக்ஷ்மியின் பைக்குள் நாலாவது இட்லித் தட்டு நுழைய மறுத்தது.

"ஒரு நாள் டிரிப்தானே வித்யா? வீட்டைக் காலி பண்ணிண்டு போறாப்பல இருக்கே" என்றான் கணவன் ரஞ்சன். "நீ தட்டை எடுத்துண்டு முன்னாடி போ. அடுப்பை நான் பின்னாடியே கொண்டு வரேன்."

"இது இட்லிக்கு இல்லை. மருந்துக்கு."

"மருந்தை ஆவியில வேக வைக்கப் போறியா?"

அவள் பையை முழங்காலால் அழுத்தினாள். உள்ளே ஏற்கெனவே விசில், கயிறு, ஊக்கு, பஞ்சு, பழைய செய்தித்தாள், வாந்திக்கு நாற்பது பிளாஸ்டிக் பை, ஆறு ஜட்டி, டிசம்பர் குளிருக்குக் குரங்குக் குல்லாய் பத்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் இரண்டு லிட்டர் எல்லாம் இருந்தன. பள்ளிச் சுற்றுலாவுக்கு ஆசிரியை என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று செல்போனில் ஏழு பட்டியல்கள் படித்து, ஏழையும் கூட்டியிருந்தாள்.

காரணம் இருந்தது. தென்கொல்கத்தாவில் தமிழர்கள் நடத்தும் பள்ளி ஒன்றில் அவள் தமிழாசிரியை. போன வருஷம் இதே வகுப்புக் குழந்தைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போனாள். இருபத்தெட்டு பேரை எண்ணினால் இருபத்தேழுதான் வந்தது. ஸ்னேகாவைக் காணோம். மைக்கில் அறிவித்தாள், காவலாளிகளை ஓடவிட்டாள், நீர்யானைக் குளத்தை எட்டிப் பார்த்தாள், விக்கி விக்கி அழுதாள். முக்கால் மணி நேரமும் ஸ்னேகா அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். யாரைத் தேடுகிறோம் என்று கேட்காமல் அவளும் தேடினாள்.

"இந்த வருஷமும் எனக்கு ஒரு போன் வந்துதுன்னா," என்றிருந்தார் தலைமையாசிரியர் பட்டாபிராமன், "அடுத்த வருஷத்துலேர்ந்து டிரிப்பை டிரில் மாஸ்டர் ஏழுமலை பார்த்துப்பார்."

ஏழுமலை குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, மரத்துக்கு ஒரு சல்யூட் அடிக்க வைத்து, திரும்பப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். வித்யாவுக்கோ வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். கரும்பலகை இல்லாத இடத்தில் குழந்தைகள் வேறு மாதிரி பேசும். தம்பி பிறந்ததைச் சொல்லும், அப்பா குறட்டையை நடித்துக் காட்டும். அந்தப் பேச்சுக்காகத்தான் மற்ற நாட்களின் பரீட்சைத் தாள்களை அவள் திருத்தினாள்.

ஆகவே இம்முறை சுற்றறிக்கை அனுப்பினாள். 'மருந்து ஏதும் இருந்தால் பெயர் ஒட்டி ஆசிரியையிடம் கொடுக்கவும்.'

மறுநாள் இருபத்தெட்டு குழந்தைகளும் ஆளுக்கொரு ஹோமியோபதிப் பாட்டில் கொண்டுவந்தார்கள்.

அவள் ஆச்சரியப்படவில்லை. கொல்கத்தாவில் மூன்று தலைமுறை இருந்துவிட்டால் தமிழ்க் குடும்பத்திலும் மிளகு ரசத்துக்கும் டாக்டருக்கும் நடுவில் ஹோமியோபதி வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் சுண்டுவிரல் உயரப் பாட்டில், கடுகு போல வெள்ளை உருண்டை. பாட்டிலில் மருந்தின் பெயர் இல்லை. குழந்தையின் பெயரும் 'நாலு உருண்டை' என்பதும் மட்டும் ஸ்கெட்ச் பேனாவில்.

"எதுக்குடா இது?" என்று அஷ்வத்தைக் கேட்டாள்.

"அம்மா குடுத்தா மிஸ்" என்றான் அவன், கூரையைப் பார்த்து.

பாட்டில்கள் உருண்டு கலந்துவிடாமல் இருக்க, குழிக்கு ஒன்றாக இட்லித் தட்டில் வைத்தாள். தட்டுக்கு ஏழு குழி, நாலு தட்டு. கணக்கு அவ்வளவு பொருத்தமாக அமைந்ததில்தான் அவள் ஏமாந்தாள்.

பெரிய ஆலமரத்துக்குப் பேர்போன ஷிப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பஸ் கிளம்பியது. ஹூக்ளி ஆற்றின் இரண்டாவது பாலத்தை விட்டு இறங்கும்போது குறுக்கே ஒரு ஆடு வந்தது. ஓட்டுநர் தீபக் பிரேக்கை மிதித்தார். தலைக்கு மேலிருந்த சாமான் பலகையிலிருந்து பை விழுந்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் வாயைத் திறந்தது.

பையைத் திறந்து பார்த்தால் இருபத்துநாலு பெயர்கள் கரைந்து நீலமும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தன. மிச்சம் நாலு. வித்யா பதறிப்போய் ஈரத்தைத் துடைத்தாள். அந்த நாலும் துணியோடு வந்தன.

"யார் பாட்டில் எதுன்னு தெரியறதா பாருங்கோ."

இருபத்தெட்டு விரல்களும், நிறைய உருண்டை இருந்த ஒரே பாட்டிலைக் காட்டின.

"கி ஹோலோ, திதிமணி?" என்று திரும்பிப் பார்த்தார் தீபக். என்ன ஆச்சு டீச்சர் என்று வங்காளத்தில் கேட்டார். பாட்டில்களைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. "சர்வநாசம்! மாத்திக் குடுத்துட்டா என்ன ஆகிறது? இருங்க, தெரிஞ்சவங்களைக் கேப்போம்."

பஸ்ஸை ஓர் அரசமரத்தடியில் நிறுத்தி, டீக்கடையைப் பார்த்து, "இங்கே ஹோமியோபதி தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினார்.

கொல்கத்தா ஓரத்தில் கேட்கக் கூடாத கேள்வி. எழுபது பேர் வந்ததாகப் பிறகு சொன்னார்கள். அது மிகை, அறுபத்தெட்டு. மீன்காரர் வந்தார், சலவைக்காரர் வந்தார், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு அபராதம் போட வந்த போலீஸ்காரர் தன் மூட்டுவலியைச் சொல்லி நாக்கை நீட்டினார். ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு தாத்தா நாற்காலி வரவழைத்துத் தலைமை ஏற்றார்.

"பாட்டிலை விடுங்கம்மா. நோய்க்குறியைக் கேட்டா மருந்து தானா தெரியும்" என்று முதலில் அஷ்வத்தை நிறுத்தினார். "கனவுல பாம்பு வருமா?"

"வரும் தாது." வங்காளத்தில் தாத்தாவுக்குத் தாது. "ஹோம்வொர்க்கைத் தின்னுட்டுப் போயிடும்."

"எந்தப் பக்கம் படுப்பே?"

"தலகாணிப் பக்கம்."

தாத்தா குறித்துக்கொண்டார். ஒரு பிள்ளைக்கு நாலு நிமிஷம். இருபதாவது பிள்ளை வரும்போது மணி இரண்டு. அப்போது வித்யாவின் போன் அடித்தது. பட்டாபிராமன்.

"எங்கே இருக்கேள்?"

"மரத்தடியில சார்." அது உண்மைதான்.

"பெரிய ஆலமரமா? ஒரு போட்டோ அனுப்புங்கோ. பேரன்ட்ஸ் குரூப்ல போடணும்."

அவள் அரசமரத்தடியில் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினாள். படத்தின் ஓரத்தில் மீன்காரரும் விழுந்திருந்தார். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: 'பிரமாதம். கைடு யார், மீசை வெச்சவரா?'

ஆமாம் என்று அனுப்பினாள். இனி ஒரு குழந்தை வாயைத் திறந்தால் போதும், அடுத்த வருஷம் ஏழுமலைதான்.

இருபத்தெட்டும் முடிந்ததும் தாத்தா கண்ணாடியைக் கழற்றினார். "எட்டு வயசுல இவ்வளவு ஆரோக்கியமா ஒரு கும்பலை நான் பார்த்ததே இல்லை. ஒருத்தருக்கும் ஒண்ணும் கிடையாது" என்று மிகுந்த வருத்தத்தோடு அறிவித்தார். கூட்டம் ஏமாற்றத்துடன் கலைந்தது.

பூங்காவின் நிஜ ஆலமரத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மூன்று மணி. குழந்தைகள் விழுதுகளுக்கு நடுவே பறந்தார்கள். வித்யா விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணினாள். இருபத்தேழு.

மறுபடி எண்ணினாள். இருபத்தேழு.

மரத்துக்கு வேர் எது விழுது எது என்று தெரியவில்லை; எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருட்டு. விசிலை வாயில் வைத்தாள், ஊத மூச்சு வரவில்லை. இட்லித் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்து வழிந்தது.

"மிஸ்."

முதுகுக்குப் பின்னால் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி ஸ்னேகா நின்றிருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் நின்றிருக்கிறாள்.

ஸ்னேகா முன்னால் வந்து, தட்டிலிருந்து ஏதோ ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். உள்ளங்கையில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினாள்.

"நாக்கை நீட்டுங்கோ மிஸ்."

"ஐயோ, வேண்டாண்டி! அது யாரோடதுன்னே தெரியாது!"

ஸ்னேகா விழுதுகளுக்கிடையே அஷ்வத்தைப் பார்த்தாள். அவன், சரி, சொல்லிவிடு என்பது போலத் தலையை ஆட்டினான்.

"எல்லாமே உங்களோடதுதான் மிஸ். போன தடவை நீங்க அழுதேளோன்னோ, அதனால அம்மாக்கள் எல்லாரும் ஒரே டாக்டர்கிட்டப் போய் வாங்கினா. சொன்னா இன்னும் அழுவேள்னு எங்களைச் சொல்லக் கூடாதுன்னுட்டா."