ஏழு மணிக்கு அதிர்ச்சி

இனிமேல் மனைவி இல்லாமல் டிவி தொடரில் ஒரு காட்சிகூடப் பார்ப்பதில்லை என்று திங்கட்கிழமை காலை சவரம் செய்யும்போது அவர் முடிவெடுத்தார். கன்னம் முழுக்க நுரையோடு, கண்ணாடியை முறைத்துப் பார்த்து, ரொம்ப உறுதியாக எடுத்தார். பகல் ஒன்றேகாலுக்கு அந்த முடிவு செத்துப்போனது.

ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கிற வேலை அவருக்கு. மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை எடுக்க வேண்டும். என்ன கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு திட்டினாலும் "சாரி சார்" சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவர் பெயரே சாரி சார் ஆகிவிட்டது. மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஐஸ் உருகினால் அவர் காரணம். ஐஸ் கட்டாவிட்டாலும் அவர்தான் காரணம்.

போன மாதம் ரத்த அழுத்தம் எகிறியது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பிடிச்சது எதையாவது பாருங்க. ஆபீஸ மறக்கணும்," என்றார்.

மனைவி அந்த ஒரு மணி நேரத்தை மாத்திரையைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். பள்ளி திறக்கப்போகிற நேரம், வெட்டிய துணி கட்டில்வரை குவிந்து கிடக்கிறது. இருந்தாலும் டாண் என்று ஏழு மணிக்கு மெஷினுக்கு உறை போட்டுவிட்டு சோபாவுக்கு வந்துவிடுவாள். நாற்பது பகுதி உள்ள ஒரு ஆஸ்பத்திரித் தொடர். நாளுக்கு ஒன்று.

"சேந்துதான் பாக்கணும். முன்னாடி ஓடக் கூடாது," என்றாள்.

"சேச்சே, உன்ன விட்டுட்டு நான் பாப்பேனா?" என்றார்.

மூன்றாம் நாளே பார்த்தார். ஒரு வாடிக்கையாளர் அரை மணி நேரம் கிழி கிழி என்று கிழித்ததில் கை நடுங்க, சாப்பாட்டு வேளையில் உதிரிபாக அறைக்குள் போய், கம்ப்ரஸர் பெட்டி மேல் உட்கார்ந்து, செல்போனில் மூன்றாம் பகுதியைப் போட்டார். நடுக்கம் நின்றது. அவ்வளவுதான், ஆள் காலி. இப்போது வீடு பதினேழாம் பகுதியில் இருந்தது. அவர் இருபத்தாறில் இருந்தார்.

பார்த்ததைக்கூட மன்னித்துவிடலாம். சாயங்காலம் வந்து நடித்தாரே, அதுதான் அசிங்கம். நர்சின் தம்பியை லாரி இடிப்பதற்கு இரண்டு விநாடி முன்னாலேயே நெஞ்சில் கை வைத்தார். பக்கத்தில் அவள் நம்பிக்கையோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், விரலில் ஊசி குத்திய தழும்போடு. அதைப் பார்த்தால் அவருக்கு சோபாவுக்கு அடியில் போய்விடலாம் போலிருக்கும். ஆனாலும் மறுநாள் ஒன்றேகாலுக்குக் கம்ப்ரஸர் பெட்டி மேல்தான் இருப்பார்.

அந்தத் திங்கட்கிழமையும் இருந்தார். இருபத்தாறில் பெரிய டாக்டர் செத்துப்போனார். இவர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தபோது, ஃபிரிட்ஜ் கதவுக்கு ரப்பர் எடுக்க மெக்கானிக் உள்ளே வந்துவிட்டார்.

"என்ன சார் ஆச்சு?"

கேள்வி கேட்டால் யோசிக்காமல் பதில் வருகிற வாயல்லவா? வந்துவிட்டது.

"பெரிய டாக்டர் போயிட்டாருப்பா."

"ஐயையோ. உங்களுக்கு வைத்தியம் பாத்தவரா?"

இல்லை, டிவியில் என்று சொல்லியிருக்கலாம். மூக்கு ஒழுக நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? மூக்கைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக் வெளியே ஓடினார். இரண்டு நிமிஷத்தில் மொத்த ஆபீசும் உதிரிபாக அறைக்குள் நின்றது. மேனேஜர் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தோளில் கை வைத்தார்.

"ரொம்ப நெருக்கமா?"

"தினமும் பாப்பேன் சார்."

"வீட்டுக்குப் போங்க. நாளைக்கும் லேட்டா வந்தாப் போதும்."

நடக்காத சாவுக்கு லீவு வாங்கிக்கொண்டு, காது மடல் சுட, அவர் மூன்று மணிக்கு வீடு வந்தார்.

"என்னங்க சீக்கிரம்?" என்றாள் மனைவி, மெஷினை நிறுத்தாமல்.

"இன்னிக்குப் புகாரே இல்ல."

"நல்லது. முகம் கழுவிட்டுப் படுங்க."

ஏழு மணிக்கு அவளே ரிமோட்டை எடுத்தாள். அவர் பதினெட்டாம் பகுதிக்கான முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். அதில் வக்கீல் ஏமாற்றுவார், லேசான அதிர்ச்சி போதும். படம் ஓடியது. அவர் கவனமெல்லாம் தன் முகத்தில்தான் இருந்தது. ஐந்து நிமிஷம் போனது.

"ஏங்க, இந்தப் பச்சைச் சட்டை யாரு?"

"வக்கீலோட தம்பி. ஜெயில்லேர்ந்து வந்திருக்கான்."

"அந்தப் பொண்ணு ஏன் அவன அடிக்கிறா?"

"அவ அப்பாவோட கையெழுத்த இவன்தான போட்டான்."

"கையெழுத்தா? எப்போ?"

"இருபத்தொண்ணுல..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். திரையின் மூலையைப் பார்த்தார். பகுதி இருபத்திரண்டு என்று போட்டிருந்தது.

அவள் படத்தை நிறுத்தினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் சாரி சொல்லித் தப்பித்திருப்பார், அதுதானே தொழில்.

"மெக்கானிக் ரெண்டு மணிக்கே போன் பண்ணாரு. 'அக்கா, சார தனியா விடாதீங்க, பெரிய டாக்டர் போனதுல உடைஞ்சுட்டாரு'ன்னாரு."

அவர் தரையைப் பார்த்தார். தரையில் ஒரு சீருடைப் பொத்தான் கிடந்தது. அதையே பார்த்தார்.

"தப்புதாம்மா. நீ வேலைய விட்டுட்டு வந்து உக்கார்ற, நான் உன்னயே ஏமாத்திருக்கேன்."

"யார ஏமாத்துனீங்க? நான் நாப்பதும் முதல் வாரமே முடிச்சுட்டேன், மெஷின் மேல போன வெச்சுக்கிட்டு."

"அப்புறம் எதுக்குத் தினமும் என்கூட உக்காந்த?"

"டாக்டர் சொன்னாருல்ல. ஒரு மணி நேரம் யாரும் உங்களத் திட்டாம இருக்கணும்னு உக்காந்தேன். நீங்க நெஞ்சுல கை வெக்கிறதப் பாத்து எனக்கும் பொழுது போச்சு."

ஒரு அறை விட்டிருந்தாலும் இப்படி வலித்திருக்காது. அவர் குனிந்து பொத்தானைப் பொறுக்கி அவள் கையில் கொடுத்தார்.

"சரி, போனது போகட்டும்," என்றார் மெதுவாக. "நம்மளோட இருக்கட்டும். மெக்கானிக்குக்கு என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? உங்க மேனேஜர் அவர்கிட்டேர்ந்து போன வாங்கி, ஆபீஸோட துக்கம் விசாரிக்க வர்றோம்னாரு."

"வேண்டாம்னு சொன்னல்ல?"

"நாளைக்கு ஏழு மணிக்கு வரச் சொல்லிட்டேன். இருபத்தாறப் போட்டு வெக்கிறேன், எல்லாருமா உக்காந்து விசாரிச்சுட்டுப் போகட்டும்."